ஏர் கன் வேண்டாம், கவட்டை போதும்: விதைத்த வயலில் புறாவும் காக்காவும்

விதைப்புக் காலம் வந்தால் போதும், யாராவது ஒருவர் "பேசாம ஒரு ஏர் கன் வாங்கிப் போடலாம்லா?" என்று கேட்டுவிடுவார்கள். கடைசியாகக் கேட்டது என் மைத்துனன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். 0.177 அளவுள்ள சின்ன ஏர் கன்னை லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்பது சரி, ஆனால் வாங்குவது வேறு, அதை வைத்துப் பறவையைச் சுடுவது வேறு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கா, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் இவற்றையெல்லாம் தொல்லை உயிர்கள் என்று சொல்லி ஐந்தாவது அட்டவணையில் வைத்திருந்தார்கள். "காக்காயைச் சுட்டா யாரு கேக்கப்போறா" என்று பழைய ஆட்கள் சொல்வது அதை வைத்துத்தான். 2022-ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். இனி ஒரு உயிரைத் தொல்லை என்று அறிவிக்க வேண்டுமானால் மத்திய அரசு தனியாக அறிவிக்க வேண்டும். மணிப்புறாவைப் பொறுத்தவரை பழைய அட்டவணையிலேயே பாதுகாப்பு உண்டு. மயில் முதல் அட்டவணை, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், நம் ஊரில் காக்காயைச் சுட்டுவிட்டு அமாவாசைக்கு எந்த முகத்தோடு கூரையில் சோறு வைப்பது? என் சித்தி கேட்ட கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வயல் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம், குளத்துக்கு நேர் கீழே. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஜூனில் திறந்து, கால்வாய் வழியாகக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்குக் குளத்துத் தண்ணீர் கிடைத்துவிடும். அதனால் சித்திரைப் பத்தாமுதயம் (மாதத்தின் பத்தாம் நாள்) கழிந்து கொஞ்ச நாளில் சேறடித்து, கன்னிப்பூ என்கிற முதல் போகத்துக்கு விதைத்துவிடுவோம். சுற்று வட்டாரத்தில் முதலில் விதைப்பது எங்கள் வயல்தான் என்பது கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் பறவைகளுக்கும் அந்தச் செய்தி போய்விடுகிறது. பத்து வயல் ஒன்றாக விதைத்தால் வருகிற புறா பத்தாகப் பிரியும், ஒரு வயலுக்கு நஷ்டம் தெரியாது. ஒற்றை வயல் விதைத்துக் கிடந்தால் அத்தனையும் அங்கேதான். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே நாளில் விதைக்க முடிந்தால் மீதி வித்தைகளில் பாதி தேவைப்படாது, முதலில் செய்ய வேண்டியது அதுதான். எங்கள் மடையில் தண்ணீர் வரிசைப்படி வருவதால் அது கைகூடுவதில்லை.

நடவுக்கு ஆள் கிடைத்த காலத்தில் நாற்றங்காலை மட்டும் காத்தால் போதும். இப்போது அம்பை 16 ரக நெல்லை ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி முளை காட்டியதும் நேரடியாக வயலிலேயே தூவுகிறோம். ஆக, மொத்த வயலும் நாற்றங்கால். முளை கட்டிய நெல் சேற்றின் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கிடக்கும், பச்சை தலைகாட்டி மூன்று நான்கு விரல் எழும்பும் வரை அது பறவைக்கு விரித்த பந்தி. ஏறக்குறைய ஒரு வாரம், வெயில் குறைந்தால் இன்னும் இரண்டு நாள் கூடும். வருஷம் முழுக்கக் காவல் இருக்கிற வேலை இல்லை இது, அந்த ஒரு வாரம் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

அந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நானும் சித்தப்பாவும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது மாடப்புறாவா மணிப்புறாவா என்று அரை மைல் தள்ளியே சொல்லிவிடுவார்.

இங்கிலாந்தில் புறா சுடுகிறவர்களின் வீடியோக்களை நான் பார்ப்பதுண்டு. அங்கே காட்டுப்புறா கூட்டம் கூட்டமாக வந்து பட்டாணி, கடுகு வயல்களைத் தின்று தீர்க்கும், அதற்கென்று உள்ள அனுமதியின் பேரில் சுடுகிறார்கள். வயலில் பொம்மைப் புறாக்களை நிறுத்தி, வலைத்துணி மறைப்புக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து சுடுவார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் சுடுவது இல்லை, சுடுவதற்கு முன்னால் செய்வது. வந்ததும் துப்பாக்கியை எடுக்க மாட்டார்கள், சும்மா நின்று புறா எந்த வழியாக வருகிறது, எந்த மரத்தைத் தாண்டித் தாழ்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று நெடுநேரம் பார்ப்பார்கள். புறாவுக்கு வானத்தில் பாதை இருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு வெள்ளக்காரன் வேணுமாலே மக்கா, புறா வருகதுக்கு முன்ன பாக்கணும், வந்த பொறவு பாத்து என்னத்துக்கு?" என்றார்.

அவர் சொன்னபடி பார்த்தோம். மத்தியான வெயிலில் ஒன்றும் வராது. புறாக்கள் சுசீந்திரம் கோபுரத்திலும் ரைஸ் மில் கூரையிலும் நிழலில் கிடக்கும். மூன்று மணி சுமாருக்குக் கிளம்புகிறது. எங்கள் வயலுக்கு வருகிறவை தென்னந்தோப்பின் மூலையைத் தாண்டி, மின்கம்பிக்கு வந்து, அங்கே வரிசையாக உட்கார்ந்து கீழே பார்க்கும். முதலில் ஒன்றோ இரண்டோ இறங்கும். அதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டால் மீதி மொத்தமும் விழும். இறங்கும்போது காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். நம் பக்கத்துக் காற்றைச் சொல்ல வேண்டாம், மேற்கே இருந்து தள்ளுகிற தள்ளில் தொப்பி நிற்காது. ஆகவே அவை எப்போதும் கிழக்கு வரப்பைத் தாண்டித் தாழ்ந்து வந்து, மேற்கு பார்த்து இறங்கின. நாங்கள் மேற்கு வரப்பில் புளியமர நிழலில் வசதியாக உட்கார்ந்திருந்தோம். எழுந்து கிழக்கே போனோம். நிழல் இல்லை, ஆனால் அன்றைக்குச் செய்ததிலேயே அதுதான் அதிகம் பலன் கொடுத்தது. கூட்டம் இறங்கியபின் ஓடிப்போய் விரட்டுவது வீண், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வயலின் மறுகோடியில் உட்காரும். முதல் இரண்டை இறங்கவிடாமல் செய்துவிட்டால் கம்பியில் இருப்பவை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடுகின்றன.

கவட்டைக்கு, அதாவது உண்டிவில்லுக்கு வருவோம். கொய்யாக் கவையில் செய்தது, சைக்கிள் டியூப் வார், பழைய செருப்புத் தோலில் மடி. குண்டு களிமண். குளத்து அடிமண்ணை எடுத்துக் கல் பொறுக்கி, பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டி நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் வெடித்து உதிர்ந்துவிடும். கூழாங்கல் கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். கல் வயலிலேயே கிடக்கும், களை எடுக்கிறவர்கள் காலில் குத்தும், அடுத்த உழவுக்கு ரோட்டாவேட்டர் கத்தியில் அடிபடும். பறவை மேல் பட்டால் செத்தும் போகும். களிமண் குண்டு சேற்றில் விழுந்து சேறாகிவிடும்.

குறி பறவை இல்லை, பறவைக்குப் பக்கத்தில் உள்ள சேறு. கையை உயர்த்தி வளைவாக விட வேண்டும். அது போய் 'சளப்' என்று விழுந்து, சேறு ஒரு முழ உயரம் எழும்பும்போது புறா சிறகை ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு எழுகிற சத்தம் இருக்கிறதே, அதுதான் மற்றவற்றுக்கு எச்சரிக்கை. நாம் கத்துவதைவிட அவற்றின் சிறகுச் சத்தத்தை அவை நம்புகின்றன. இன்னொன்று, குண்டு எங்கே விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பறக்கும். வயலுக்கு வெளியே போக வேண்டும் என்றால் குண்டு வயலின் உள்பக்கமாக விழ வேண்டும். வெளிப்பக்கமாக விழுந்தால் நாமே அதை நடுவயலுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று அர்த்தம். நான் விட்டவை பெரும்பாலும் எங்கே விழுந்தன என்று கேட்காதீர்கள். சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே விட்டார்.

காக்காவுக்குக் குண்டே வேண்டாம். குனிந்து கல் எடுப்பது போல் பாவனை செய்தாலே எழும்பிவிடும், ஆனால் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு உங்கள் கையையே பார்க்கும். மூன்றாவது தடவை பாவனைக்கு மசியாது. அப்போது நிஜமாகவே ஒன்று விட வேண்டும். சில ஊர்களில் செத்த காக்காயை ஒரு கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள், காக்காக்கள் கூடிக் கத்திவிட்டு அந்தப் பக்கம் வராது. அதற்காக ஒன்றைக் கொல்ல வேண்டியதில்லை, கறுப்புத் துணியைச் சுருட்டி இரண்டு உதிர்ந்த இறகைச் செருகித் தலைகீழாகக் கட்டினாலும் கொஞ்ச நாள் வேலை செய்கிறது.

ஆனால் விரட்டுவதற்கு முன் காக்கா என்ன தின்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் பாருங்கள். சேறடிக்கிற டிராக்டர் பின்னால் கொக்கு, மைனாவோடு நடக்கிற காக்கா நெல்லுக்காக வரவில்லை, புரட்டிய மண்ணில் கிடக்கிற புழு, நண்டுக்குஞ்சு, தவளைக்காக வருகிறது. அன்றைக்கும் எங்கள் சேற்று வயலில் காக்கா கொத்தியது பெரும்பாலும் பூச்சியைத்தான். மேட்டு நிலத்தில் நிலக்கடலையோ பயறோ போட்டிருந்தால் கதை மாறும். அங்கே முளைவிட்டதைப் பிடுங்கி அடியில் உள்ள பருப்பைத் தின்றுவிட்டுச் செடியைப் போட்டுவிட்டுப் போகும். ஒரே பறவை ஒரு நிலத்தில் வேலைக்காரன், இன்னொன்றில் திருடன்.

இதே மாதிரி ஒன்று புறா விஷயத்திலும் அன்றைக்குப் பார்த்தோம். டீ குடிக்க ரோட்டுக்கு வந்தபோது வண்டியில் அடிபட்டு ஒரு மாடப்புறா கிடந்தது. சித்தப்பா அதை ஓரமாக எடுத்துப் போடப் போனவர், கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பார்த்தார், உள்ளே நெல் நறநறவென்று இருந்தது. "பாத்தியாலே, நம்ம விதை" என்றேன் நான். அவர் பிளேடு வாங்கி வரச்சொல்லிக் கீறி, உள்ளங்கையில் கொட்டினார். ஒன்றில்கூட முளை இல்லை. எங்கள் விதையாக இருந்தால் வெள்ளையாக வேர் நுனி நீண்டிருக்கும். இது காய்ந்த நெல், சிலதில் உமி வாய் பிளந்திருந்தது, அவித்துக் களத்தில் காயப்போட்ட புழுங்கல் நெல். அந்தப் புறாவுக்கு நிரந்தரச் சாப்பாடு ரைஸ் மில்லில், எங்கள் வயல் போகிற வழியில் பலகாரம். இது தெரிந்ததும் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. அது மட்டுமில்லை, எத்தனை புறாவைச் சுட்டாலும் மில் களம் இருக்கும்வரை புதுப் புறா வந்துகொண்டேதான் இருக்கும் என்பதும் புரிந்தது. விதைத்த வாரத்தில் நம் வயலை அதற்குச் சிரமமான இடமாக ஆக்கினால் போதும், அது மில்லுக்கே போய்விடும்.

சிரமமான இடமாக ஆக்க முதல் ஆயுதம் கவட்டை இல்லை, சேற்றைச் சமன் செய்கிற பரம்புப் பலகைதான். புறா தண்ணீரிலும் குழைந்த சேற்றிலும் கால் வைக்கத் தயங்கும். இறங்குவது எங்கே என்று பார்த்தால் எப்போதும் மேடாகி, மேல் காய்ந்து, விதை மேலே தெரிகிற திட்டுகள்தான். எங்கள் வயலில் விதை போன இடங்கள் அத்தனையும் வரப்போர மேடுகள். சேறடித்தபின் ஒழுங்காகச் சமன் செய்து, சாயங்காலமாக விதைத்து, அன்று இரவு ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கவிட்டு, காலையில் வடித்தால் விதை சேற்றில் பாதி பதிந்துவிடும். காலை வெயிலில் விதைத்தால் மேலே மிதந்து பளிச்சென்று கிடக்கும். அப்புறம் திட்டுகள் வெடிக்கிற அளவுக்குக் காயவிடாமல் தண்ணீரை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். ரொம்ப நாள் நிற்கவிட்டால் முளை அழுகும், அதனால் இது கவட்டையைவிடக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை.

பளபளா ரிப்பன் கட்டுகிறவர்கள் அதை நேராக இழுத்துக் கட்டிவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். இரண்டு மூன்று முறுக்கு கொடுத்துக் கொஞ்சம் தொய்வாகக் கட்டினால்தான் காற்றில் புரண்டு மின்னும், விர்ர் என்று சத்தமும் போடும். நம் மாவட்டத்துக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. ஆனால் எதைக் கட்டினாலும் நாலைந்து நாளில் பறவைக்குப் பழகிவிடும். வைக்கோல் பொம்மையின் தலையிலேயே மைனா உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இன்றைக்கு ரிப்பன், நாளைக்கு இடம் மாற்றி அதே ரிப்பன், அடுத்த நாள் பொம்மைக்கு வேறு சட்டை, நடுவில் ஒரு ஆள் நடமாட்டம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொம்மையைத் தினமும் நகர்த்துவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை.

மணக்குடிப் பக்கமிருந்து பழைய மீன்வலை வாங்கி நாற்றங்கால்மேல் விரிப்பதுண்டு. செய்வதானால் கம்பு நட்டு இழுத்துக் கட்டி, தரையிலிருந்து தூக்கி வையுங்கள். தொய்வாகத் தரையில் கிடந்த வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிச் செத்துக் கிடந்தது, எலி பிடிக்கிற பாம்பு அது, நஷ்டம் நமக்குத்தான். பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கிற துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரங்கையும் பறவையையும் விரட்டத்தான் அதை ஆரம்பித்தார்கள். 2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் அதை விளையாட்டுக்கு வெடித்துப் பல குழந்தைகளின் கண் போனது. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் வெடிக்கும், அதுதான் அதன் குணம். எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-லிருந்து ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் நிற்கிறபோது கரைக்குக் கீழே நின்று வெடி போட யாருக்கும் மனம் வராது. நெல்லில் குருணைப் பூச்சிமருந்து கலந்து வைக்கிறவர்களைப் பற்றி எழுதவே கூசுகிறது, அதில் முதலில் சாவது மயில், அப்புறம் பக்கத்து வீட்டுக் கோழி, கடைசியில் போலீஸ் கேஸ்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் புறா வரத்து நின்றுவிடும், காக்கா கூட்டம் கூட்டமாக அடையப் போகும். மறுபடி விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அதாவது நாள் முழுக்கக் கூலி கொடுத்து ஆள் போட வேண்டியதில்லை, காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் இரண்டரை மணி நேரம் என்று வீட்டிலுள்ளவர்களே பங்கு போட்டுக்கொள்ளலாம். வேளிமலையில் வள்ளி தினைப்புனம் காத்ததையும் ஆலோலம் பாடியதையும் குமாரகோவில் போகிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம், ஆனால் நாலு மணி வெயிலில் கிழக்கு வரப்பில் உட்காரச் சொன்னால் என் பையன் ஆன்லைன் கிளாஸ் இருக்கிறது என்கிறான்.

பச்சை நாலு விரல் எழும்பி சேறு மறைந்ததும் புறா வருவது தானாக நின்றுவிடும், கவட்டையை எடுத்து வைத்துவிடலாம். குளத்தை ஒட்டி வயல் வைத்திருக்கிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான் நீலக்கோழி என்கிற நீர்ப்பறவையின் தொல்லை. அது வருவது விதைக்காக இல்லை, தூர் கட்டுகிற பயிரை அடியோடு கடித்து இழுக்கும். கோரையும் தாமரையும் மண்டிய பக்கத்திலிருந்து நடந்தே வரும், பறந்து வராது. அதனால் குளத்துப் பக்க வரப்பில் புல்லைச் செதுக்கி வெட்டவெளியாக வைத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு வலையைச் செங்குத்தாக இழுத்துக் கட்டுகிறோம். வெட்டவெளியைத் தாண்டி வர அதற்குப் பயம். கவட்டைக் குண்டுக்கு அது அசைவதே இல்லை, கோரைக்குள் இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டுத் திரும்ப வருகிறது.